மூன்று புள்ளி வைத்த டிஸ்க்

நான் பம்பு பிட்டராக இருந்தவன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. ஒரு ஸ்பேனர் வாங்கினாலும் அன்றைக்கே சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனை இரும்பை வைத்துச் சுத்தியலால் தட்டி அதில் மூன்று புள்ளி போட்டுவிடுவேன். பிறகு எவனும் அதைத் தன்னுடையது என்று சொல்ல முடியாது. ஒர்க் ஷாப்பில் என்னை முப்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டுவிட்டுப் போகட்டும், என் சாமான் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை.

என் மனைவிக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும், பேச்சு திரும்பாது என்றார் டாக்டர். வெளியூரில் இருக்கும் மகள் போன் செய்தாள்.

"அம்மா பேசறத பதிவு பண்ணி வைங்கப்பா. ஒரு லேப்டாப் வாங்குங்க. முழு சிஸ்டம் டிஸ்க்கும் சேத்துக் கேளுங்க. சும்மா கொடுக்கறத வாங்கிட்டு வந்துடாதீங்க."

கடைக்கார அம்மாள் ஒரே ஒரு டிஸ்கை நீட்டினாள்.

"இது போதும் ஐயா. மெஷின் படுத்துட்டா இதப் போடுங்க, வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி ஆயிடும்."

"நடுவுல நாங்க வச்சதெல்லாம்?"

"அது அழிஞ்சிடும்."

"கூரை ஒழுகுதுன்னு கூப்பிட்டா வீட்டையே இடிச்சுட்டுப் புதுசா கட்டுவியா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. முழு டிஸ்க் இருந்தால் உள்ளே இருப்பதைத் தொடாமல் சரிசெய்யலாம், ஆனால் கம்பெனிக்கு எழுதித்தான் வரவழைக்க வேண்டும் என்றாள். வரவழை, அதுவரை லேப்டாப்பும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

"நீங்க டிஸ்க்குக்குக் காத்துக்கிட்டிருங்க. என் தொண்டை காத்துக்கிட்டிருக்குமா?" என்றாள் மனைவி.

முழு டிஸ்க் மூன்றாக வந்து லேப்டாப்பை வாங்கியபோது ஆபரேஷனுக்கு மூன்று நாள்தான் மிச்சம். முதல் சாயங்காலம் லேப்டாப்பில் மகளுக்காகப் பேசினாள். இரண்டாம் நாள் பேரனுக்காக. மூன்றாம் நாள் என்னை அறையை விட்டு வெளியே அனுப்பிவிட்டாள்.

"இது உங்களுக்கு. நான் இருக்கற வரைக்கும் கேக்கக் கூடாது."

கேட்கவில்லை. மற்ற இரண்டு பதிவையும்கூட எங்கும் அனுப்ப விடவில்லை. கம்பி வழியாகப் போனால் நடுவில் எவன் கேட்பானோ, மகள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றேன். கடைக்கு எடுத்துப் போனால் மாற்றிவிடுவார்கள் என்று, கம்பெனியிலிருந்து வந்த மூன்று டிஸ்கிலும் எழுத்து அச்சடித்த பக்கத்தில் என் மூன்று புள்ளியைப் போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பத்து மாதம் கழித்து லேப்டாப் திரை கறுத்துப்போய் நின்றது. தட்டினேன், அழுத்தினேன், அசையவில்லை. மனைவியும் நானும் கடைக்குப் போனோம். அவள் இப்போது எது சொல்வதானாலும் ஒரு சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவாள்.

கடைக்கார அம்மாள் முதல் டிஸ்கைப் போட்டாள். கரகரவென்று சுற்றி நின்றது. வெளியே எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். மூன்று இடத்தில் வெளிச்சம் வந்தது.

"என்னய்யா இது?"

"என் அடையாளம். நீ மாத்திட்டா?"

மற்ற இரண்டையும் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

"இந்தப் பக்கத்துக்கு அடியிலதான் எல்லாம் இருக்கு ஐயா. நான் மாத்திடுவேன்னு பயந்து நீங்களே கொன்னுட்டீங்களே."

மெஷினைப் பிரித்து, உள்ளே சேமித்து வைக்கும் பாகத்தை மட்டும் கழற்றி, தன் மெஷினில் மாட்டி எடுத்துப் பார்க்கிறேன் என்றாள். வருமென்று உறுதி இல்லை. விட்டுவிட்டுப் போக வேண்டும், இரண்டு நாள் ஆகும்.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"ரெண்டு நாளுமா? அப்ப பாயும் கொண்டாந்துடுங்க."

மனைவி நோட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'குத்தினது நீங்க. அவங்கள ஏன் முறைக்கறீங்க?'

லேப்டாப்பின் அடியிலாவது ஒரு அடையாளம் போட்டுவிடலாம் என்று சட்டைப் பையிலிருந்து சென்டர் பஞ்சை எடுத்தேன். மனைவி உள்ளங்கையை விரித்து நான் குத்தப்போன இடத்தின்மேல் வைத்தாள். வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. நான் பஞ்சைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அடையாளம் போடாத சாமானை அடுத்தவர் கையில் விட்டுவிட்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் போனோம். மகளுக்குப் பேசியது வந்திருந்தது, பேரனுக்குப் பேசியதும் வந்திருந்தது. மூன்றாவது வரவில்லை.

"முழு டிஸ்க் நல்லா இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"தெரியல ஐயா. இருந்திருந்தா மொதல்ல அதத்தான் போட்டிருப்பேன்." அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

வந்த இரண்டையும் அங்கேயே மகளுக்கு அனுப்பச் சொன்னேன். கம்பி வழியாகவே போகட்டும் என்றேன்.

வீட்டுக்கு வந்தோம். மனைவியிடம் கேட்டேன்.

"அன்னைக்கு எனக்கு என்ன சொன்ன?"

அவள் தொண்டைத் துளையை மூடிய துணியைச் சரிசெய்துகொண்டாள். நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள். ஒரு பக்கம் முடிந்து திருப்பினாள். அதுவும் முடிந்தது. என்னிடம் கொடுத்தாள்.

நான் எழுத்து எழுத்தாகத்தான் படிப்பேன். குரலாக இருந்திருந்தால் ஒரு மூச்சில் கேட்டிருப்பேன். இன்னும் ஐந்தாவது வரியைத் தாண்டவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் தப்பாகக் கூட்டினால் அந்த எழுத்தின்மேல் விரலை வைத்து, நான் சரியாகச் சொல்லும் வரைக்கும் எடுப்பதில்லை.