வெயில் படாத முட்டைகள்

முட்டையிலிருந்து வந்த குஞ்சு மறுநாளே ஓடும். இவை ஒரு வாரமாகியும் எழுந்து நிற்கவில்லை. காலை இரண்டு பக்கமும் பரப்பிக்கொண்டு பால்கனி டைல்ஸில் வயிற்றால் நகர்ந்தன. என் வீட்டுக்காரர் சிட்டிபாபு, போட்ட சோறு போட்டபடி ஆற, அவற்றின் முன்னால் குந்தியிருந்தார்.

"இன்னா கொற வெச்சேன் மே இதுக்கு?" என்றார். தாய்க்கோழியைத்தான் சொன்னார்.

ஒரு குறையும் வைக்கவில்லை, அதுதான் வினை. கீழ்க்கட்டளையில் எங்கள் ஓட்டு வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். இடத்துக்குப் பதிலாக எங்களுக்கு இரண்டாவது மாடியில் ஒரு வீடு. வாசலில் மேய்ந்த கோழிகளில் ஒரு பெட்டையையும் சேவலையும் இவர் விடாப்பிடியாகக் கூடவே கொண்டுவந்தார். நாய் கடித்துவிடும், கார் ஏறிவிடும் என்று வெளியே விடவே இல்லை. பால்கனிக்கு வலை, வலைக்கு மேல் நீலத் தார்ப்பாய். வேளாவேளைக்கு வெள்ளைச் சோறு, இட்லி, டீயில் நனைத்த பிஸ்கட். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைக்குக்கூட அப்படி உபசாரம் நடக்காது.

சேவல் கூவுகிறது என்று அசோசியேஷனில் புகார் போனதும், அதைக் கேளம்பாக்கத்தில் இருக்கும் என் தம்பி கேசவனிடம் விட்டுவிட்டு வந்தார். வளர்ப்பான் என்று நம்பினார். அவன் அந்த ஞாயிற்றுக்கிழமையே குழம்பு வைத்துவிட்டான். அன்றிலிருந்து இவர் அவனோடு பேசுவதில்லை. சேவல் போவதற்கு முன் பெட்டை இட்ட முட்டைகளில் பொரிந்தவைதான் இந்தக் குஞ்சுகள். இவை பிழைக்காவிட்டால் எங்கள் வாசல் கோழிகளின் வம்சம் அதோடு முடிந்தது.

அட்டைப்பெட்டியில் வைத்துத் தாம்பரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கால்நடை டாக்டர் சத்யபிரியா, கோழியை எங்கே எப்படி வளர்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டே ஒரு குஞ்சின் காலை விரலால் மெதுவாக அழுத்தினார். ரப்பர் மாதிரி வளைந்தது.

"குஞ்சு மேல தப்பு இல்லம்மா. எலும்புக்கு வேண்டிய வைட்டமின் முட்டைக்குள்ள தாய்கிட்டேர்ந்துதான் வரணும். தாய்க்கே வெயில் படலைன்னா அது எங்கேர்ந்து குடுக்கும்? சொட்டு மருந்து தரேன். நிக்கலாம், நிக்காமலும் போகலாம்."

பஸ்ஸில் இவர் அட்டைப்பெட்டியை மடியில் வைத்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் வந்தது. பழைய வாசலில் யார் கோழிக்கு இட்லி வைத்தார்கள்? விடிந்ததும் கூடையைத் தூக்கிவிட்டால் போதும். முருங்கை மரத்தடியில் கிளறும், கறையான் தின்னும், என் கீரைப் பாத்தியை நாசம் பண்ணும், நான் துடைப்பத்தை வீசுவேன். வெயிலையும் என் திட்டையும் தின்றே அவற்றுக்குக் கால் உரமாகியிருக்கிறது.

மறுநாள் காலை எல்லாவற்றையும் லிஃப்டில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். கட்டட வேலையில் மிஞ்சிய மணல் ஒரு மூலையில் கிடந்தது. இறக்கிவிட்டதும் கோழி கண்ணை மூடி மூடித் திறந்தது. தயங்கித் தயங்கி மணல் வரைக்கும் நடந்தது. பிறகு அப்படியே சாய்ந்து, ஒரு றெக்கையை விரித்துப் போட்டு, கழுத்தைத் தரையில் வைத்துவிட்டது.

"ஐயோ, பூட்ச்சு மே!" அவர் குரல் உடைந்துவிட்டது.

தூக்கப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "யோவ், சும்மா இரு. அது வெயில் காயுதுய்யா. நம்ம வூட்டு வாசல்ல தெனிக்கும் இப்டித்தானே படுத்துகினு கெடக்கும்? மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தார். என்னைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாரா அழுதாரா, எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்தச் சுடு மணலில் அவரும் உட்கார்ந்துவிட்டார்.

குஞ்சுகள் ஊர்ந்து ஊர்ந்து தாயிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் விரித்த றெக்கையின் மேல் நெஞ்சை அண்டக்கொடுத்து உடம்பைத் தூக்கியது. கால்கள் நடுங்கின. சரிந்து விழுந்தது. மறுபடியும் தூக்கியது. கோழி கண்ணைத் திறக்காமலே றெக்கையை இன்னும் கொஞ்சம் விரித்துக்கொடுத்தது.