செப்புக் குடத்துக் கடல்

அன்று காலையிலும் தொட்டியில் இரண்டு மீன்கள் வயிறு காட்டி மிதந்தன. பராசக்தி ரீச்சருக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டது.

தெல்லிப்பழைப் பக்கத்திலே ஒரு சைவப் பெண்கள் பாடசாலை. விஞ்ஞானம் படிப்பிக்கவும் கடல்மீன் தொட்டி வைக்கவுமென்று ஓர் அறை கேட்டு அவள் பாடசாலை மனேச்சர் பரமலிங்கத்தாரின் வாசலுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. மனிதர் கடைசியில் ஒருவாறு இறங்கி வந்தார்.

"பெட்டையளுக்குத் தையல் காணும். எண்டாலும் ஒரு தவணை தாறன். உந்தக் கடல் தொட்டியிலை மீன் உயிரோடை நிண்டால் அறை உமக்கு. இல்லாட்டில் தையல் மெசினுக்கு."

மரக்கறிச் சாப்பாட்டுப் பள்ளிக்கூடத்தில் மீன் வளர்க்கிறாளாம் என்று ஊர் வாய்க்குள் சிரித்தது. சிரிக்கட்டும். அவள் மரச்சட்டம் போட்டுக் கண்ணாடித் தொட்டி செய்வித்தாள். தண்ணீரில் காற்றுச் சேர மாணவிகள் முறை வைத்து அகப்பையால் மொண்டு மொண்டு ஊற்றினார்கள். அவளும் சும்மா இருக்கவில்லை. கண்ணாடி மிதவையை விட்டு உப்பைப் பார்த்தாள், லிட்மசுத் தாளை நனைத்துப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள். எல்லாம் சரி. மீன் மட்டும் செத்தது. மனேச்சர் வரப்போவதோ வருகிற வெள்ளிக்கிழமை.

மீன் கொண்டுவந்து தருகிற மயிலிட்டி மீனவன் கனிசியஸிடம் பாய்ந்தாள்.

"சாகப்போற மீனாய்ப் பாத்துத்தான் தாறீரோ?"

"கரையிலை துள்ளினதை நீங்களும் கண்டனீங்கள்தானே, ரீச்சர். என்ரை மீனிலை பிழையில்லை."

"அப்ப என்ரை தண்ணியிலை பிழையெண்டு சொல்லுறீர்?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை." அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு மெல்ல நழுவிவிட்டான்.

அவன் போன பிறகுதான் அவளுக்கு ஒன்று பொறி தட்டியது. மீன்கள் நன்றாக ஓடித் திரிந்த நாட்களும் இருந்தனவே! எப்போது? சிவக்கொழுந்து மாமிக்குத் துடக்கு வந்தபோது.

மாமி பராசக்தியின் தகப்பனாரின் தங்கை. புருசன் போன பிறகு இவர்களோடுதான் இருக்கிறார். எறும்பு ஊர்ந்தாலும் காலைத் தூக்கி வைக்கிற மனுசி. தொட்டிக்குத் தினமும் கொஞ்சம் புதுக் கடல்நீர் வேண்டுமென்று கேட்டதும், "கீரிமலைக் கடலிலை நான் நாளும் தோயப் போறன்தானே" என்று தானாகவே பொறுப்பேற்றார். கீரிமலைக் கடல் என்றால் மாமிக்குத் தீர்த்தம். தீர்த்தத்தை மண்பானையில் கொண்டுவரலாமோ? தன் கல்யாணச் செப்புக் குடத்தைப் புளி போட்டு மினுக்கி, அதிலே நிரப்பி, இரவெல்லாம் சாமியறையில் மூடி வைத்து, விடிய இடுப்பில் சுமந்துவந்து ஊற்றுவார். இடையிலே இனத்துக்குள் ஒரு பிள்ளைப்பேறு. தீட்டு, துடக்கென்று மாமி தீர்த்தத்தைத் தொடவில்லை. அந்த நாட்களில் கனிசியஸ் மண்பானையில் கொண்டுவந்த தண்ணீர்தான் தொட்டிக்குள் போனது. துடக்குக் கழிந்தது, குடம் வந்தது, மீன் செத்தது.

பராசக்தி உடனே அடுப்பை மூட்டினாள். குடத்துத் தண்ணீரையும் மண்பானைத் தண்ணீரையும் தனித்தனியே காய்ச்சிச் சுண்டவைத்தாள். இரண்டிலும் அமோனியா விட்டாள். இரண்டும் வெள்ளையாய்க் கலங்கின. வெள்ளை அடியிலே அடையட்டும் என்று காத்திருந்தாள். அடைந்த பிறகு மண்பானைத் தண்ணீர் மேலே பளிங்காய்த் தெளிந்தது. குடத்துத் தண்ணீர் நீலமாய் நின்றது.

கண்டுபிடித்த சந்தோசம் ஒரு கணம்கூட நிலைக்கவில்லை. இதை மாமியிடம் எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாவிட்டால் நாளைக்கும் குடம் வரும். அறை போகும்.

பின்னேரம் மாமி கிணற்றடியில் குடத்தை மினுக்கிக்கொண்டிருந்தார். பராசக்தி அந்த இரண்டு தண்ணீரும் விட்ட கண்ணாடிப் போத்தல்களை முன்னால் வைத்தாள்.

"இது என்ன பிள்ளை நீலம்?"

"செம்பு, மாமி. உப்புத்தண்ணி உங்கடை குடத்தைக் கரைச்சுப்போட்டுது. மீன் அதைத் தாங்காது."

மாமியின் கையிலிருந்த புளி அப்படியே நின்றது. "அப்ப உவ்வளவு மீனையும் நான்தானோ சாக்காட்டினது?"

மாமி அன்றிரவு சாப்பிடவில்லை. பராசக்திக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளே தொட்டியை முழுக்க இறைத்துக் கழுவினாள். கனிசியஸிடம் போய், "உம்மிலை பிழையில்லை, என்ரை தண்ணியிலைதான்" என்றாள். அவன் சிரித்துவிட்டு, புதுப் பானைகளில் தண்ணீரும் வரி விழுந்த கல்மீன்களும் கொண்டுவந்தான்.

வெள்ளிக்கிழமை பரமலிங்கத்தார் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மீன்கள் வாலை ஆட்டித் திரிந்தன. அவர் முகம் இளகவில்லை.

"மீன் சாகுது, சாகுது எண்டுதான் நான் கேள்விப்பட்டனான். உது நேற்றுப் பிடிச்சு விட்டதுபோலைக் கிடக்கு. தண்ணி நல்லதெண்டு என்ன நிச்சயம்?"

பராசக்தி வாயைத் திறக்குமுன் வாசலில் குரல் கேட்டது. மாமி. இடுப்பில் ஒரு மண்பானை.

"தம்பி, முந்தின மீன் செத்தது என்னாலை. புளிச்சதைச் செம்பிலை வைச்சால் களிம்பு பிடிக்குமெண்டு எனக்குத் தெரியும். கீரிமலைத் தண்ணியை அப்பிடி நினைக்கேல்லை, தீர்த்தமெண்டு நினைச்சன். இந்தப் பிள்ளைதான் கண்டுபிடிச்சு, என்ரை முகத்துக்கு நேரை சொன்னவள். உதைத் தையல் மெசின் சொல்லுமோ?"

மனேச்சர் தொட்டியருகே பராசக்தி வைத்திருந்த நீலப் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"மெசினை அங்காலை இருக்கிற வடக்கு அறையிலை வைப்பம்," என்றார். படியிறங்கப் போனவர் திரும்பி, "ரீச்சர், எங்கடை வீட்டுக் குடிதண்ணியையும் ஒருக்கால் பாத்துச் சொல்லும்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் பராசக்தி மாமியின் தோளில் முகம் புதைத்து அழுதாள். மாமி ஒரு கையால் அவள் முதுகைத் தடவினார். பிறகு பானையைச் சரித்து, விரல்களின் மேலே படவிட்டு, மெல்ல மெல்லத் தொட்டிக்குள் தண்ணீர் ஊற்றினார். வரிமீன் ஒன்று வந்து அந்த விரலை மோந்து பார்த்தது. மாமி கையை எடுக்கவில்லை.

"பயப்பிடாதை, ராசா," என்றார். "இது நல்ல தண்ணி."