வாசலில் செருப்பு இல்லாத வீடு

ஜோவலினுக்கு அன்று காலை இரண்டு கவலை. ஒன்று, ஒன்பது மணிக்குப் பெர்த்திலிருந்து முதலாளியம்மா டெனிஸ் வீடியோவில் வருவாள். மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்து, வேலை உண்டா இல்லையா என்று சொல்லப்போகிறாள். இன்னொன்று, பக்கத்து வீட்டு நாய். வாயில் அகப்பட்ட செருப்பையெல்லாம் கடலோரம் கொண்டுபோய்ப் புதைப்பதே அதற்குப் பிழைப்பு. அதனால் செருப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தாள்.

சிக்கிஹோர் தீவில் சத்தம் என்று பார்த்தால் அலையும் சேவலும்தான். வேலைக்கு அருமையான இடம், சிக்னல்தான் சனியன். அவளுடைய மூங்கில் குடிசை இருந்த தென்னந்தோப்பில் ஒரு கோடு வந்தாலே பெரிய விஷயம். மேட்டில், தேவாலயத்துப் பக்கம் போனால் நாலு கோடும் வரும். குடிசையையே மேட்டுக்குத் தூக்கிவிடலாம் என்று ஊர்த்தலைவர் திபோய் சொல்லியிருந்தார். ஊருக்கே அவர் ‘நோங்’, அதாவது அண்ணன். அவருக்கு ஊர்ப் பெண்களெல்லாம் ‘இண்டாய்’, அதாவது தங்கச்சி. அந்த ஊரில் வீட்டைத் தூக்குவது பெரிய காரியமில்லை. அடியில் மூங்கில் கட்டி இருபது பேர் தோள் கொடுத்தால் வீடு நடக்கும். கூலி கிடையாது, வயிறாரக் கோழிக் கஞ்சி போட்டால் போதும். மூங்கிலெல்லாம் முந்தின நாளே கட்டியாகிவிட்டது. தூக்குவது சனிக்கிழமை என்று பேச்சு.

அன்று வெள்ளிக்கிழமை.

டெனிஸின் முகம் கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது. ஜோவலினின் முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி ஒன்று தெரிந்தது. அது லேப்டாப் காட்டும் வெறும் படம். செபு நகரத்தில் ஃபிளாட்டில் இருப்பதாகச் சொல்லித்தான் வேலை வாங்கியிருந்தாள். பெர்த்தில் யார் வீட்டிலாவது குழாய் ஒழுகினால் அழைப்பு இவளுக்கு வரும், இவள் பிளம்பரை அனுப்பிவைப்பாள்.

“ஜோவலின், உன் வேலையில குறையே இல்ல. ஆனா இந்த மாசம் மட்டும் மூணு தடவை பேச்சு பாதியில கட் ஆயிருக்கு. முழங்கால் தண்ணியில நிக்கிறவங்ககிட்ட அப்படி நடக்கலாமா? மணிலாவுல ஒரு பொண்ணு இருக்கா...”

ஜோவலினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வேலை போனால் செபுவுக்குத்தான் திரும்ப வேண்டும். ஒரே அறையில் ஆறு பேர், அடுக்குக் கட்டில், மேல்கட்டில்காரியின் கால் முகத்துக்கு நேரே தொங்கும். அங்கே இனி ஒரு நாள்கூட அவளால் இருக்க முடியாது.

அப்போதுதான் தரை எழும்பியது.

வெளியே “ஒண்ணு, ரெண்டு, தூக்கு” என்று இருபது தொண்டை. சனிக்கிழமை பக்கத்து ஊரில் சேவல் சண்டை என்று யாரோ நினைவுபடுத்த, தலைவர் தூக்குவதை அன்றைக்கே வைத்துவிட்டார். வாசலில் செருப்பு இல்லை. செருப்பு இல்லாத வீட்டில் ஆள் இல்லை என்பது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எனவே யாரும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஜோவலின் மேசையைப் பிடித்துக்கொண்டாள். அலமாரிப் படத்துக்கு நடுவே தென்னை மரம் ஒன்று தலைகாட்டிவிட்டு நகர்ந்துபோனது.

“ஏன் இப்படி ஆடுற? கப்பல்ல இருக்கியா?”

“இல்ல மேடம்...”

ஜன்னலில் நோங் திபோயின் தலை முளைத்தது. “அடி இண்டாய், உள்ளயா இருக்க? பாரம் கூடுதலா இருக்கேன்னு அப்பவே நெனச்சேன். இறக்கச் சொல்லாத. தூக்குன வீட்டப் பாதியில இறக்குனா விளங்காது.”

“யாரு அது?” என்றாள் டெனிஸ்.

இனி மறைத்துப் பயனில்லை. ஜோவலின் அலமாரிப் படத்தை அணைத்தாள். கீற்றுச் சுவரும், ஜன்னலில் மெதுவாக நகரும் கடலும் தெரிந்தன.

“மன்னிச்சுக்குங்க மேடம். நான் செபுவுல இல்ல, தீவுல இருக்கேன். சிக்னல் இருக்கற எடத்துக்கு வீட்டத் தூக்கிட்டுப் போறாங்க.”

“வீட்டையா?”

“ஆமா மேடம். வீட்டத்தான்.”

“நீ பொய் சொன்னது எனக்குப் பிடிக்கல,” என்றாள் டெனிஸ். “ஆனா உன் குரல் இப்ப நல்லாத்தான் கேக்குது. ஒரு அம்மா லைன்ல காத்திருக்காங்க, சமையக்கட்டுக் குழாய் வெடிச்சிடுச்சாம். உனக்குத் தர்றேன். கட் ஆச்சுன்னா வேலை மணிலாப் பொண்ணுக்கு. ஆகலன்னா உனக்கு.”

ஜோவலின் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள். “நோங், கெஞ்சிக் கேட்டுக்கறேன். யாரும் வாயத் தெறக்கக் கூடாது. இந்த ஒரு போன்லதான் என் வேலையே இருக்கு.”

“சத்தம் போடாம வீடு தூக்கறதா? எங்க தாத்தா காலத்துலகூடக் கேள்விப்பட்டதில்ல,” என்றார் பின்வரிசையில் ஒருவர்.

“கஞ்சியில ஆளுக்கு ரெண்டு கோழிக்கால்.”

அதோடு பேச்சு அடங்கியது. நோங் திபோய் தொப்பியைக் கழற்றி, எண்ணுவதற்குப் பதிலாக அதை மேலும் கீழும் ஆட்டினார். இருபது பேரும் அதைப் பார்த்துக் கால் வைத்தார்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. ஒருவர் காலில் முள் குத்தியது. முகத்தைச் சுளித்தாரே தவிர முனகவில்லை. கூடவே ஓடிவந்த நாய் குரைக்கப் பார்த்தது. இன்னொருவர் தன் செருப்பையே உதறிப் போட்டு அதன் வாயை அடைத்தார்.

உள்ளே ஜோவலின், “பதட்டப்படாதீங்கம்மா. வெளிய மீட்டர் இருக்கும், பக்கத்துல ஒரு வால்வு. வலப்பக்கமாத் திருப்புங்க. இன்னும் கொஞ்சம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு இரண்டானது, மூன்றானது. “தண்ணி நின்னுருச்சா? நல்லது. அரை மணியில ஆள் வந்துருவார்.” அந்த அம்மாள் நன்றி சொல்லிவிட்டு வைத்தாள். கடைசி வரை ஒரு சொல்கூட அறுபடவில்லை.

“திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துடு,” என்றாள் டெனிஸ். “வீட்ட மறுபடி எங்கயும் கொண்டுபோயிடாத.”

ஜோவலின் ஹெட்போனைக் கழற்றினாள். வெளியே ஒரு சத்தமில்லை. எட்டிப் பார்த்தாள். தேவாலயத்துப் பக்கத்தில், வேர்த்து விறுவிறுத்து, இருபது பேரும் வீட்டைத் தோளில் சுமந்தபடி அப்படியே நின்றிருந்தார்கள். அவள் சொல்லாமல் எப்படி வாய் திறப்பது?

“இறக்குங்க, நோங். வேலை கெடச்சிருச்சு.”

அடக்கி வைத்திருந்த சத்தத்தையெல்லாம் சேர்த்து அவர்கள் போட்ட கூச்சல் பெர்த் வரைக்கும் கேட்டிருக்கும்.

“ஒரு கோழிக்கு ரெண்டு கால்தான், இண்டாய்,” என்றார் நோங் திபோய், தொப்பியை மாட்டிக்கொண்டே. “இருபது கோழிக்கு எங்க போவ?”

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஜோவலின் முதல் வேலையாகத் தன் செருப்பை எடுத்துவந்து புது வாசலில் போட்டாள். நாய் பார்த்துக்கொண்டே இருந்தது. கொண்டுபோனால் போகட்டும்; வீட்டில் ஆள் இருப்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.