மூன்றாம் தளத்துக் கதவு

பிழையைத் திருத்தியதற்காக எச்சரிக்கைக் கடிதம் வாங்கிய புரோகிராமர் உலகத்திலேயே வசந்த்குமார் ஒருவனாகத்தான் இருப்பான்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு பழைய தையல் இயந்திரத் தொழிற்சாலையின் இரண்டாவது மாடியில் அவன் வேலை பார்த்த கம்பெனி இருந்தது. அங்கே ‘இரும்புவாசல்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டின் நான்காம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தது. வாளும் மந்திரமுமாக நிலவறைக்குள் இறங்கி அறுபது மணி நேரம் அலைகிற கதை. தொண்ணூறில் வந்த முதல் பாகம் வேதம். இரண்டாம் பாகம் வேதத்துக்கு உரை. மூன்றாம் பாகமோ மதத்துரோகம். அதில் குதிரை சுவரில் முட்டி நின்றது. முதல் பாகத்தில் அது சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வரும். பிழைதான், ஆனால் பத்து வருஷம் கும்பிட்ட பிழை. மெய்யடியார்கள் டப்பாக்களைக் கொளுத்திப் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பினார்கள்.

ஆகவே நான்காம் பாகத்துக்கு முதலாளி ஃபோக்ட் இட்ட கட்டளை ஒன்றே ஒன்று: விசுவாசம். அந்தச் சொல் வரவேற்பறைச் சுவரில் ஓரடி உயரத்துக்கு நின்றது. பழைய பிழைகளையெல்லாம் பிசகாமல் புதிதாகச் செய்து வைப்பது வசந்தின் வேலை. ஒருநாள் கைப்பழக்கத்தில் குதிரையைச் சரிசெய்துவிட்டான். கடிதம் அதற்குத்தான். டிசம்பரோடு அவனுடைய கான்ட்ராக்ட் முடிகிறது, கூடவே விசாவும். மனைவி நிவேதிதாவுக்கு ஜனவரியில் பிரசவம். அவன் குதிரையைத் திரும்பவும் சுவருக்குள் அனுப்பிவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

பிழைகளுக்கெல்லாம் மூலவர், நிலவறையின் மூன்றாம் தளத்துக் கதவு. எந்தச் சாவிக்கும் திறக்காது. தட்டினால் திரையில் ஒரு சொல் மட்டும் வரும்: ELATHU. அது வனதேவதையின் பெயர் என்று ஒரு கட்சி. பழைய ஜெர்மானிய மொழியில் ‘காத்திரு’ என்று பொருள் என இன்னொரு கட்சி. இரண்டுக்கும் தனித்தனியே ஆராய்ச்சிக் கட்டுரைகள் உண்டு. தனக்குக் கனவில் அருளப்பட்ட சொல் அது என்று ஃபோக்ட் பேட்டி கொடுத்திருந்தார். வசந்த் ஒரு வருஷமாக அதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். அவன் மனசுக்குள் அது ‘எலத்து’.

ஐந்தரை மணிக்குத் தரை துடைக்க வருகிற ஜேசுரட்ணம் ஒருநாள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார். மன்னார்க்காரர், ஐம்பத்தைந்து வயசு.

“தம்பி, உதை இன்னும் எடுக்கேல்லையோ?”

“எதண்ணே?”

“உந்த ஏலாது.”

“என்னது?”

“ஏலாது. அங்கை எழுதிக்கிடக்கெல்லோ. உங்கட பக்கம் முடியாது எண்டுவியள்.”

வசந்த் திரையைப் பார்த்தான். ஆறு எழுத்தும் அப்படியேதான் இருந்தன. வனதேவதையைத்தான் காணவில்லை.

“தொண்ணூறிலை நான் அகதி விடுதியிலை. வேலை செய்யத் தடை. ஊரிலை கச்சேரியிலை, அரசாங்கக் கந்தோரிலை, டைப் அடிச்ச கை, சும்மா இருக்க மாட்டுதாம். ஃபோக்ட் அப்ப படிச்சுக்கொண்டிருந்த பொடியன். அவர் தாளிலை எழுதித் தருவார், நான் பாத்து அடிப்பன். சாப்பாடு தருவார். ஜெர்மன் ஒரு சொல்லும் விளங்காது, அச்சுக்கு அச்சு அடிக்கிறதுதானே. ஒரு கதவுக்கு மட்டும் தாள் இல்லை. பிறகு தாறன் எண்டார். இடம் மறக்காமல் இருக்க, ஏலாது எண்டு அடிச்சு வைச்சன். இண்டைக்கும் தரேல்லை.”

வசந்துக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜேசுரட்ணம் சிரிக்கவில்லை.

“தம்பி, கடைசியிலை பேர் ஓடுமெல்லோ, அதிலை என்ர பேரையும் போட ஏலுமோ?”

“எதுக்கண்ணே?”

“என்ர மகள் கிறிஸ்ரினாவுக்கு இந்த விளையாட்டு எண்டால் பயித்தியம். உந்தச் சொல்லைக் கையிலை பச்சை குத்திக்கொண்டு வந்து நிண்டாள். பிள்ளை, உது தமிழ், நான் அடிச்சது எண்டன். ‘உங்களுக்கு எல்லாமே தமிழிலையிருந்துதான் வந்தது, அப்பா’ எண்டாள். பிழை என்னிலையுந்தான். ஹம் எண்ட ஜெர்மன் ஊர்ப்பேர் அகம் எண்ட சொல்லிலையிருந்து வந்தது எண்டு சின்னனிலை சொல்லிக் குடுத்தனான்.” துடைப்பானின் கம்பைக் கையில் உருட்டினார். “பொய்க்காரன் எண்டாள். நான் கை நீட்டிப்போட்டன். கொலோனுக்குப் போய் இரண்டு வருசம். போன் எடுக்கிறாளில்லை. ஆனா இது வந்த அண்டே வாங்குவாள். கடைசிப் பேர் வரைக்கும் பாக்கிற ஆள்.”

அன்றே வசந்த் பெயர்ப் பட்டியலைத் திறந்தான். காப்பி கொண்டுவருகிறவருக்கும் ஃபோக்டின் நாய்க்கும் நடுவில் ஓரிடம் இருந்தது. அங்கே சேர்த்தான்.

வெள்ளிக்கிழமை மெய்யடியார்களின் தூதுக்குழு வந்தது. மூன்று பேர், மூவருக்கும் தரைவரை அங்கி. தலைவர் தொழிலில் பல் மருத்துவர். நான்காம் பாகத்தில் அந்தச் சொல்லுக்குக் குரல் உண்டு. எப்படி உச்சரிப்பது என்பதற்கு அவர்களுடைய ஒப்புதல் வேண்டும். ஒலிப்பதிவில் நடிகர் ஒருவர் “எலாட்டூ” என்று இருமினார். இன்னொருவர் “ஈலத்து” என்று ஏப்பம் விட்டார். தலைவர் கண்களை மூடிக்கொண்டு ஒவ்வொன்றையும் நிராகரித்தார்.

குப்பைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்த ஜேசுரட்ணம் நிமிராமலே சொன்னார்: “ஏலாது.”

பல் மருத்துவர் கருணையோடு அவர் பக்கம் குனிந்தார்.

“நல்ல முயற்சி. ஆனால் அந்த முதல் உயிரெழுத்து தொல்ஜெர்மானிய ஒலி. வெளிநாட்டு வாய்க்கு லேசில் படியாது.”

ஃபோக்ட் தரை துடைப்பவரின் முகத்தைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக இருக்கலாம். காதுமடல்வரை வெளுத்துப்போனார்.

குழு போனதும் வசந்துக்கு அழைப்பு வந்தது. மேஜையில் இரண்டு தாள்கள். ஒன்று இரண்டு வருஷத்துக்கான புதிய கான்ட்ராக்ட், கையெழுத்திடும் இடம் காலி. மற்றது பெயர்ப் பட்டியல், ஓரிடத்தில் சிவப்பு வட்டம்.

“இந்தப் பெயர் எப்படி வந்தது?”

“முதல் பாகத்தில் வேலை செய்தவர், சார். விசுவாசம் என்று நீங்கள்தான்...”

“அவருக்கு அப்போது வேலைத் தடை, வசந்த்.” ஃபோக்டின் குரல் பாவமன்னிப்பு வழங்குகிற பாதிரியாருடையதைப் போல இறங்கியது. “பெயரைப் போட்டால் யாராவது கிளறுவார்கள். அந்த மனிதரைப் பதினாறு வருஷமாக நான் மௌனமாகக் காப்பாற்றி வருகிறேன். விசுவாசம் என்பது அதுதான்.”

பேனாவைத் தள்ளி வைத்தார். நிவேதிதாவின் அடுத்த ஸ்கேன் செவ்வாய்க்கிழமை. வசந்த் கையெழுத்துப் போட்டான். தன் இடத்துக்கு வந்து வரியை அழித்தான். நாய் ஓரிடம் மேலே ஏறியது.

திங்கட்கிழமை ஐந்தரைக்கு ஜேசுரட்ணம் வந்தார். துப்புரவுக் கம்பெனி அவரை மறுநாளிலிருந்து வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தது. எந்தக் கட்டடம் என்று இன்னும் சொல்லவில்லையாம். வசந்தின் இடத்தைக் கடைசியாகத் துடைத்தார்.

“கொலோனிலை இருக்கிற எங்கட ஊர் அக்கா ஒராளிட்டைச் சொல்லிப்போட்டன், தம்பி. கடைசி மட்டும் இருந்து பார் எண்டு பிள்ளையிட்டைச் சொல்லச் சொல்லி.” கொஞ்சம் தயங்கினார். “பேர்... ஏலுமோ?”

வசந்த் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தான். லிஸ்ட் ஃப்ரீஸ் ஆயிடுச்சு, மேனேஜ்மென்ட் டிசிஷன், அடுத்த பார்ட்ல பார்க்கலாம். வாயைத் திறந்தபோது அதில் ஒன்றும் வரவில்லை.

“ஏலாது, அண்ணை.”

ஜேசுரட்ணம் துடைப்பானை வாளிக்குள் முக்கி, இரண்டு தடவை நிதானமாகப் பிழிந்தார்.

“அந்தப் பல்லு டொக்டரைக் கூப்பிட்டுச் சொல்லிக் காட்டுங்கோ, தம்பி,” என்றார். “உச்சரிப்புச் சரி.”