சொந்த விருப்பத்தின் பேரில்

"வெள்ளக்காரன் எதுக்கு பாய் அடிமை யாவாரத்த விட்டான்? மனசு எளகியா?"

போன வெள்ளிக்கிழமை துணி அலசும்போது சோலைமுத்து இப்படித்தான் கேட்டான். சரித்திரம் படித்துவிட்டுக் கிரேன் ஓட்டும் கீழக்கரை கௌஸ் முகைதீன், பனியனைப் பிழிந்தபடி சிரித்தார்.

"எளகுனவனும் இருந்தான் மாப்ளே. ஆனா கரும்பு வெளையிற தீவுங்கள்ல அடிமைங்களே தோட்டத்தக் கொளுத்துனாங்க. அவன் ஊருப் பொம்பளைங்க அந்தச் சீனியே வேணாம்னுட்டாங்க. லட்சக்கணக்குல கையெழுத்துப் போட்டு மனு. 'நம்ம கப்பல்ல ஏத்திப் போற அடிமை நம்ம எதிரி பிரெஞ்சுக்காரன் தோட்டத்துலயும்ல ஒழைக்கிறான்'னு வெள்ளக்காரனுவ வேற யோசிச்சானுவ. எல்லாஞ் சேந்துதான் ஆயிரத்து எண்ணூத்தி ஏழுல சட்டம்."

"அப்பறம்?"

"பின்னால அடிமையே கூடாதுன்னான். நஷ்டஈடு குடுத்தான். யாருக்கு? மொதலாளிக்கு! ஆளில்லாத தோட்டத்துக்கு நம்ம சனத்துக்கிட்ட காகிதத்துல கைநாட்டு வாங்கிக் கப்பலேத்துனான்."

இன்று வளைகுடாவின் முசஃபா தொழிற்பேட்டையில் விடிந்தும் விடியாமலே வேலை தொடங்கியிருந்தது. நேற்றைய வெயில் இரும்பில் இன்னும் ஆறவில்லை. இரும்புத் தொட்டியின் வயிற்றுக்குள் குந்தி வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான் சோலைமுத்து. கையுறை ஓட்டை வழியே பொறி சுட்டது. வியர்வை கண்ணில் இறங்கியது. மனம் மட்டும் அறந்தாங்கியில் இருந்தது. மனைவி நாகவள்ளிக்கு வரும் வியாழக்கிழமை கர்ப்பப்பை ஆபரேஷன். "நீங்க வந்து கையெழுத்துப் போடாம நான் உள்ள போமாட்டேன்" என்றுவிட்டாள்.

அவனோ மூன்று வாரமாக மேனேஜர் அறைக்குப் போய், கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைக் கேட்க வாய் வராமல், வணக்கம் சொல்லித் திரும்பிக்கொண்டிருந்தான். முன்பு கேட்ட பன்னீர்செல்வத்தை மறுநாளே தூரத்துப் பாலைவனத்தில் இருக்கும் ருவைஸுக்குத் தூக்கியடித்திருந்தார்கள்.

காலை ஆறு மணிக்கு டீ விசில். மேனேஜர் தியாகு தாள்கட்டோடு வந்தார். பின்னாலேயே டீ. வழக்கமான பாலில்லாக் கட்டஞ்சாயா இல்லை. பாலும் சீனியும் மணத்தன.

"டீயக் குடிச்சிட்டு இதுல ஒரு சைன் போடுங்கப்பா. கவர்மெண்ட் இன்ஸ்பெக்ஷன் வருது."

கௌஸ் உரக்கப் படித்தார்: "என் பாஸ்போர்ட்டைச் சொந்த விருப்பத்தின் பேரில் கம்பெனியிடம் ஒப்படைத்துள்ளேன்." தாளைத் தாழ்த்தினார். "யாரு சார் விரும்பிக் குடுத்தா? ஏர்போர்ட்லயே புடுங்கிட்டீங்களே?"

"பாய், சட்டம் பேசாதீங்க. விசா, ரூம், சோறு எல்லாம் கம்பெனி குடுக்குது. சம்பளம் வாங்கறீங்கல்ல? நீங்க என்ன அடிமையா?"

கௌஸ் டீயைக் குடிக்காமல் தட்டிலேயே திருப்பி வைத்தார். பக்கத்தில் நின்றவனும் வைத்தான். அவனைப் பார்த்து அடுத்தவன். இருபத்தாறு கோப்பைகளிலும் ஆடை படிந்தது.

"ஓஹோ, ஸ்ட்ரைக்கா? அதுக்கு இங்க என்ன கெடைக்கும் தெரியும்ல?"

"டீ வேணாம்ங்கறது ஸ்ட்ரைக்கா சார்? எனக்கு சுகருங்க" என்றான் பெயிண்டர் முகம்மது ஆசிக். வரிசையில் சிரிப்பு ஓடியது.

தியாகுவின் முகம் கறுத்தது. வரிசையை ஒருமுறை அளந்துவிட்டு, பேனாவை நேராகச் சோலைமுத்துவிடம் நீட்டினார். "டேய், நீ வணக்கம் மட்டும் சொல்ற பையன். நீ மொதல்ல போடு."

பேனா கைக்குள் வந்துவிட்டது. இந்தப் பக்கம் கௌஸின் தோள் வந்து ஒட்டியது, அந்தப் பக்கம் ஆசிக்கின் தோள். பின்னால் இருபத்துமூன்று ஜோடிப் பூட்ஸ் ஓரடி முன்னே நகர்ந்த சத்தம்.

சோலைமுத்து பேனாவை மூடி, டீத்தட்டில் வைத்தான்.

"என் கையெழுத்து என் பொண்டாட்டிக்கு வேணும் சார். என் பாஸ்போர்ட்ட என் கையில குடுங்க."