செவ்வாய்க்கிழமை ரத்த அழுத்தம்

அபாய மணி அலறியது. காதுக்குள் யாரோ காலி டின்னை உருட்டிவிட்டதைப் போன்ற சத்தம்.

லிஃப்ட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "எந்த மாடி? உள்ளே எத்தனை பேரு?" என்று கேட்டபடியே சட்டைப் பையில் போனைத் தேடினார். போன் இல்லை. பதில் சொல்லவும் ஆள் இல்லை. எதிர்ச் சுவரில் ஒரு சிறுநீரகம் குறுக்காக வெட்டுப்பட்டு, நான்கு வண்ணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் தான் எந்த லிஃப்ட்டிலும் இல்லை, டாக்டரம்மாவின் பரிசோதனைக் கட்டிலில் இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

கதவைத் தட்டிக்கொண்டு வரவேற்புப் பெண்ணின் குரல் வந்தது. "சார், பயப்படாதீங்க. மைக்ரோவேவ்ல ரொட்டி கருகிடுச்சு, அவ்வளவுதான். ஆனா மணி அடிச்சா எல்லாரும் வெளியில நிக்கணும், அது ரூல்."

ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக அவர் நடைபாதைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் இந்த கிளினிக்கின் உறுப்பினர்கள். ஆண்டுச் சந்தா கட்டியவர்கள். 'காத்திருக்க வேண்டாம், நினைத்தபோது வரலாம், நேரமில்லாதவர்களுக்காகவே ஒரு டாக்டர்' என்று பலகையில் போட்டிருப்பது இவர்களுக்காகத்தான். உள்ளே நுழையும்போதே போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது டாக்டரம்மாவின் வழக்கம். பாதிப் பேச்சில் நோயாளி "ஹலோ" என்று எழுந்துபோனால் அவருக்குப் பிடிக்காது. அதனால் நேரமில்லாத அந்த மனிதர்கள் அத்தனை பேரும் இப்போது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். ஒரு வக்கீல் தன் டையையே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலுக்குப் பின்னால் ஒரு பெண், கிளிப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு அவிழ்ந்த கூந்தலை முடிந்துகொண்டிருந்தாள்.

லிஃப்ட்டுக்காரர் நல்ல மனிதர். அடுத்த வீட்டுப் பெண்களை உற்றுப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர். ஆனால் இது அடுத்த வீட்டுப் பெண் இல்லை. சொந்த வீட்டுப் பெண். அவருடைய மனைவி.

காலையில் 'சப்ளையரோட மீட்டிங்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர் அவர். 'துணி எடுக்கப் போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவள் அவள்.

"நீங்க எங்க இங்கே?" என்றாள், கிளிப்போடு.

"நீ எங்க இங்கே?"

"நான்தான் முதல்ல கேட்டேன்."

'தூங்க வந்தேன்' என்ற உண்மை அவர் நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். ஊரில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்டைப் பராமரிப்பது அவருடைய கம்பெனி. எங்கே யார் சிக்கிக்கொண்டாலும் அவர் போன்தான் அடிக்கும். நடுராத்திரியிலும் அடிக்கும். பாவம், மனைவியாவது தூங்கட்டும் என்று படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டு ரெண்டு வருஷமாகிறது. அவருக்கோ அங்கேயும் தூக்கமில்லை. ஒரு நாள் இருமலுக்காக இந்த கிளினிக்குக்கு வந்தார். "கொஞ்ச நேரம் அமைதியாப் படுங்க, மறுபடி பிரஷர் பார்க்கலாம்" என்று டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போனார். போன் இல்லை, மணி இல்லை, மனிதர் இல்லை. கட்டிலில் போட்டிருந்த காகித விரிப்பு கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தூங்கினார். அதன் பிறகு செவ்வாய்க்கிழமை வந்தால் அவருக்கு ரத்த அழுத்தமும் வந்துவிடும்.

இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? அண்ணன் வீட்டுக்குப் போகலாம் வாங்க என்று அவள் கூப்பிட்டபோதெல்லாம், "மூச்சு விடவே நேரமில்லம்மா" என்று சொன்ன வாய் இது. சோபா வாங்கக் கூப்பிட்டபோதும் அதே வாய், அதே மூச்சு. அப்படிப்பட்ட மனிதர் வாராவாரம் ஏசி அறையில் கால் நீட்டிப் படுக்கிறார் என்று தெரிந்தால், முதலில் மானம் போகும். அடுத்து அந்த ஒரு மணி நேரமும் போய்விடும். மச்சான் வீட்டுக்கு எழுதிக் கொடுத்த மாதிரிதான்.

"பிபி," என்றார். "கொஞ்சூண்டு."

மனைவியின் முகம் வெளிறிப்போனது. "எத்தனை நாளா?"

"இப்பத்தான். உனக்கு?"

அவள் கிளிப்பை வாயிலிருந்து எடுத்து, நிதானமாகக் கூந்தலில் குத்தினாள். "தலைசுத்தல். லேசாத்தான்."

இப்போது வெளிறுவது அவர் முறை. வீட்டுக்காரி சாமானியத்தில் டாக்டரிடம் போகிற ஆள் இல்லை. தையல் ஊசி விரலில் ஏறினால்கூட வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்த காஜாவைத் தைக்கிறவள். அவள் அவருக்குத் தெரியாமல் தனிச் சந்தா கட்டி வந்திருக்கிறாள் என்றால் அது லேசான சமாசாரமாக இருக்குமா?

வரவேற்புப் பெண் வந்து, "எல்லாம் சரியாயிடுச்சு. பாதியில எழுந்தவங்க போய்ப் படுங்க," என்றாள். யாரும் அசையவில்லை. வக்கீல் மட்டும் ஒரு அடி எடுத்து வைத்து, பிறகு கூச்சப்பட்டு நின்றுவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் உப்பு இல்லை. மறுநாளும் இல்லை.

"ஒரு சிட்டிகை போட்டாக் குடி முழுகிடுமா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"குடும்பம் முழுகிடும். பேசாம சாப்பிடுங்க."

அவரும் சும்மா இருக்கவில்லை. மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை நடத்துகிறாள். பள்ளி திறக்கும் நேரம் வேறு. மேல் அலமாரியிலிருந்து துணிக்கட்டை எடுக்க அவள் ஸ்டூலில் ஏறும்போதெல்லாம் இவர் பின்னாலேயே போய் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"என்ன இது, கோல்கீப்பர் மாதிரி?"

"சும்மாதான். நீ பாட்டுக்கு எடு. தலை சுத்தினா சொல்லு, பிடிச்சுக்கறேன்."

"யாருக்குத் தலை சுத்துது?" என்றவள், சட்டென்று நினைவு வந்தவளாக நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா, லேசா."

ஞாபகமறதியும் சேர்ந்துகொண்டதா என்று லிஃப்ட்டுக்காரர் இன்னும் ஒரு அடி நெருங்கி நின்றார்.

வார இறுதியில் மச்சான் வந்து இறங்கினார், ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடும் துக்கம் விசாரிக்கிற முகத்தோடும்.

"தங்கச்சி சொன்னா. மனசைத் தளரவிடாதீங்க மாப்பிள்ளை," என்று கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் இருந்தார். உங்க வயசுதான். உங்களை மாதிரியே சிரிச்ச முகம். அவருக்கும் இதே பிபிதான்."

"இருந்தாரா? அவருக்கு என்ன ஆச்சு மச்சான்?"

"அதை விடுங்க. பழம் சாப்பிடுங்க."

செவ்வாய்க்கிழமை வந்தது. கிளினிக்கில் டாக்டரம்மா அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, அளவைப் பார்த்தார்.

"பாடப் புத்தகத்துல படமாப் போடலாம் சார், அவ்வளவு நல்லா இருக்கு உங்க பிபி. விளக்கை அணைச்சுடவா?"

"வேண்டாம் டாக்டர். என் வீட்டம்மாவுக்கு என்ன? அதைச் சொல்லுங்க."

"அதைச் சொல்ல முடியாது சார். ஒரு மெம்பரோட விஷயத்தை இன்னொரு மெம்பர்கிட்ட நான் பேசறதில்ல."

"ஒரே குடும்பம் டாக்டர்."

"தனித்தனிச் சந்தா சார்."

"சரி, சொல்ல வேண்டாம். தலையை மட்டும் ஆட்டுங்க. மோசம்னா இப்படி, மோசமில்லைன்னா இப்படி." அவரே இரண்டு விதமாகவும் ஆட்டிக் காட்டினார்.

டாக்டரம்மா விருட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எத்தனையோ நோயைப் பார்த்த டாக்டர் இப்படிக் குலுங்கிக் குலுங்கி அழுகிறார் என்றால்? லிஃப்ட்டுக்காரர், கயிறு அறுந்த லிஃப்ட்டில் நிற்பவரைப் போல நாற்காலியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

டாக்டரம்மா ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துத் திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். இது வைத்திய விஷயம் இல்ல, அதனால சொல்லலாம். நேத்து உங்க வீட்டம்மாவும் இதே நாற்காலியில உட்கார்ந்துகிட்டு உங்களைப் பத்திக் கேட்டாங்க. அவங்ககிட்டயும் நான் வாயைத் திறக்கல. அழுதுகிட்டே போனாங்க."

"அழுதாளா?"

"உங்க ரெண்டு பேர் வாயிலயும் பூட்டு. என் வாயிலயும் பூட்டு. என் பூட்டுக்குச் சாவி கிடையாது சார். உங்க பூட்டுக்கு இருக்கு."

விளக்கை அணைத்துவிட்டு அவர் போய்விட்டார். லிஃப்ட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்தார். அதே இருட்டு, அதே அமைதி, அதே சிறுநீரகம். தூக்கம் மட்டும் வரவில்லை. இருபது வருஷத்தில் அவள் அழுது அவர் பார்த்தது குறைவு. தன் ஒரு பொய்க்காக அவள் அழுதிருக்கிறாள். அந்தப் பொய் இருக்கும்வரை அவளுடைய நோயைக் கேட்கிற யோக்கியதை தனக்கு ஏது?

எழுந்தார். ஷூ இரண்டையும் மாட்டினார். பெட்டியிலிருந்து போனை வாங்கி, வாசலில் வேனோடு காத்திருந்த மெக்கானிக் கையில் கொடுத்தார். "அடிச்சா நீயே எடு. நான் செத்துப்போயிட்டேன்னு மட்டும் சொல்லிடாத. வீட்டுல ஏற்கெனவே அந்தப் பயத்துலதான் இருக்காங்க."

பட்டறையில் கால் வைக்க இடமில்லை. கருநீல டவுசர்கள் ஒரு பக்கம் மலையாகக் குவிந்திருந்தன. மறு பக்கம் காலர் இல்லாத வெள்ளைச் சட்டைகள். காற்றெல்லாம் நூல் பிசிறு. தையல்காரப் பெண்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மனைவி மட்டும் கழுத்தில் டேப்போடு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வேலை நேரத்தில் கணவர் வந்து நிற்பதைப் பார்த்ததும் மெஷினை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"என்னங்க ஆச்சு? நெஞ்சு வலிக்குதா? உட்காருங்க முதல்ல." அவரை டவுசர் மலை மேல் தள்ளி உட்கார வைத்தாள்.

"எனக்கு பிபி இல்லம்மா."

"டாக்டர் அப்படிச் சொல்லச் சொன்னாங்களா? என்கிட்ட மறைக்காதீங்க."

"மறைச்சதெல்லாம் போதும்னுதான் வந்திருக்கேன். எனக்கு ஒரு நோயும் இல்ல. நான் அங்க தூங்கத்தான் போறேன்."

அவள் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தாள். அடிக்கத்தான் போகிறாளோ என்று அவர் ஒரு கணம் நினைத்தார். அவள் அதை விரலில் சுற்ற ஆரம்பித்தாள்.

"வாராவாரமா?"

"வாராவாரம். நேரமில்ல நேரமில்லன்னு உன்கிட்டச் சொன்னதெல்லாம் பாதிப் பொய். இனிமே செவ்வாய்க்கிழமை உன் அண்ணன் வீட்டுக்கே வர்றேன். அவர் யார் யார் கதையைச் சொன்னாலும் கேட்டுக்கறேன். உப்பில்லாமலே சாப்பிடறேன். உனக்கு என்னன்னு மட்டும் சொல்லிடு. எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம்."

டேப் முழுவதும் விரலில் ஏறி முடிந்தது. அவள் அதைப் பிரித்து மறுபடியும் சுற்றத் தொடங்கினாள்.

"திட்டக் கூடாது."

"திட்டல."

"எனக்கும் ஒண்ணுமில்ல. நானும் அதுக்குத்தான் போறேன்."

"எதுக்கு?"

"படுக்கத்தான்."

லிஃப்ட்டுக்காரருக்கு உடம்பெல்லாம் லேசாகிப்போனது. ஒரு வாரத்து உப்பில்லாச் சாப்பாடும் அந்த நிமிஷத்தில் செரித்துவிட்டது. ஆனால் கணவன் என்று ஒரு பதவி இருக்கிறதே, அது உடனே கண் விழித்துக்கொண்டது.

"ஏம்மா, உனக்காகத்தானே நான் ஹாலுக்கே போனேன்? அவ்வளவு பெரிய ரூமும் கட்டிலும் உனக்கே உனக்குன்னு விட்டேனே?"

"அந்தக் கட்டில்லதான் எனக்குத் தூக்கமே வரலையே. ரெண்டு வருஷமா ஃபேனைப் பார்த்துக்கிட்டுக் கிடக்கறேன்."

"அப்போ அந்த ஒல்லிக் கட்டில்ல மட்டும் எப்படி வந்துச்சு?"

அவள் டேப்பை விட்டுவிட்டாள். அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் அவள் உதடு கோணிக்கொண்டது.

"முதல்ல அங்கேயும் வரல. அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து ரூம்ல யாரோ ஒரு மனுஷன் அச்சு அசலா உங்களை மாதிரியே குறட்டை விட்டான். அன்னைலேருந்து அந்த ஆளு வர்ற நேரத்தைக் கேட்டுத்தான் நான் போய்ப் படுக்கறேன்."