யாகப்பரின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

...அழுகை வரவில்லை என்பதற்காகத் துக்கம் இல்லை என்று ஆகிவிடுமா, மதர் அப்படித்தானே முகத்தைப் பார்த்தார், பிறகு நெற்றியில் சிலுவை வரைந்து வீட்டுக்குப் போகச் சொன்னார், பெற்றீசியா மடத்துப் பாடசாலையின் ஈரப் படிகளில் இறங்கினாள், மேலே சிற்றாலயத்தில் பிள்ளைகள் இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றி செபம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள், அவள் புருஷன் யாகப்பருக்காக. காலையில் ஆசிரியர் அறையில் வழக்கம்போலத்தான் கொழும்பிலிருந்து வரும் ஆங்கிலப் பத்திரிகையை விரித்தாள், கையில் சிவப்புப் பென்சில், பெரிய வகுப்புக்குப் பத்திரிகைக்காரர்களின் பிழைகளைக் காட்டுவது அவளுக்குப் பிடித்த பாடம், ‘ரிட்டர்ன்ட் பேக்’ என்று எழுதியிருப்பான், ரிட்டர்ன்ட் என்றாலே திரும்பி வந்ததுதான், பேக் எதற்கு, பிள்ளைகள் சிரிப்பார்கள்... இன்று மலைநாட்டுச் செய்திகளில் இரண்டே வரி, புசல்லாவைத் தோட்டமொன்றில் லேட் மிஸ்டர் யாகப்பரின் இடத்துக்குப் புதிய பெரிய கிளாக்கர் வந்திருக்கிறார் என்று. லேட். காலஞ்சென்ற. என்ன நோய் வருத்தத்தில் போனார், யார் கண்ணை மூடிவிட்டார்கள், ஏன் ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை?

ஏன் சொல்லி அனுப்ப வேண்டும், அவளை அங்கே யாருக்குத் தெரியும்? தோட்டத்து வேலைக்குப் போனவர் முதலில் மாதாமாதம் வந்தார், பிறகு நத்தார்ப் பெருநாளுக்கு மட்டும், பிறகு அதுவும் இல்லை, சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் கூட ஊருக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும். கண்டி வாவிக்கரை மரங்களிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது, குடையை விரிக்கத் தோன்றவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அவர் சொன்ன ஆங்கிலச் சொல்லொன்றை அவள் திருத்தியபோது, உன் முன்னால வாய் தொறக்கவே பயமா இருக்கு என்று சொன்னார், விளையாட்டுக்குத்தானே, இரண்டு பேரும் சிரித்தார்களே... அவர் சிரித்தாரா? கோவிலில் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் முழந்தாளிடும்போது ஒரு கை இடைவெளி விடுவார்கள், புருஷன் விட்டுப்போனவள், விதவைக்கு அந்த இடைவெளி கிடையாது, விதவைக்குக் கையைப் பிடித்துக்கொள்வார்கள், இன்று காலை டொரதி டீச்சர்கூடப் பிடித்துக்கொண்டாள், அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது. இதை நினைப்பது பாவமா? கறுப்புத் துணி வாங்க வேண்டும், அதற்கு முன் எங்கே அடக்கம் செய்தார்கள் என்று தெரிய வேண்டும், அந்தப் பக்கத்துச் செய்திகளைப் பத்திரிகைக்கு எழுதுகிறவர் சாஹுல் ஹமீது, இங்கேதான் திருகோணமலை வீதியில் கடுதாசியும் மையும் விற்கிறார், அவரைக் கேட்டால் தெரிந்துவிடும்.

கடையில் கூட்டம் இல்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டார், அவள் உட்காரவில்லை. யாகப்பர் எப்போது போனார் என்று கேட்டாள், குரல் நன்றாகத்தான் வந்தது.

“வேலய உட்டது போன மாசம், டீச்சர்.”

“அதில்ல. செத்தது.”

சாஹுல் ஹமீது கையிலிருந்த மைப்போத்தலை மெதுவாகக் கீழே வைத்தார். “மௌத்தாகல்லயே. முந்தி இருந்த கிளாக்கர், அதத்தான் லேட்டுன்னு எழுதின.” பிறகுதான் அவருக்கும் விளங்கியது போல, முகம் வெளுத்து, தலையைக் குனிந்துகொண்டு, திருத்தம் போடச் சொல்லி இன்றைக்கே எழுதிவிடுவதாகச் சொன்னார்.

பொறுங்க, என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை, திரும்பவும் சொன்னாள். “ரெண்டு நாள் பொறுங்க.”

எதற்கு இரண்டு நாள்? வெயில் வந்திருந்தது, வீதி ஆவி விட்டது, அவள் கூட்டத்தோடு நடந்தாள். முந்தி இருந்தவர் என்பதற்கு லேட் என்று எழுதாதே, உயிரோடு இருப்பவனைப் புதைத்துவிடுவாய் என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், கண்ணுக்கு முன்னால் அந்தப் பிழை வந்து நின்றபோது அதைப் பிழை என்றே தோன்றவில்லையே, ஏன் தோன்றவில்லை... வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. மதரிடம் என்ன சொல்வது, சொன்ன செபத்தைத் திருப்பி வாங்க முடியுமா, டொரதி நாளைக்கும் கையைப் பிடிப்பாளா. உயிரோடு இருக்கிறார் என்று கேட்டபோது நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது, பாரம் இறங்கியதா, வேறேதுமா? இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும், எங்கே இருந்தாலும்... எங்கே? போன மாதம் வேலையை விட்டவர் இப்போது எங்கே, அதைக் கேட்காமலே வந்துவிட்டாளே, வேலை போனால் தோட்டத்து வீடும் போய்விடுமே, அவருக்கென்று இருப்பது கண்டியில் இந்த ஒரு வீடுதானே. நடை எப்போது வேகமானது என்று தெரியவில்லை, பாடசாலைக்குத் திரும்பும் சந்தியைத் தாண்டியிருந்தாள், வீட்டுக்குத்தான் போகிறாள், அவர் வருவதற்குள் போய்விட வேண்டும், போய்க் கதவைத் திறந்து வைக்கவா, உள்ளே தாழ் போடவா, அது மட்டும் இன்னும் அவளுக்குத் தெரியவில்லை.